மேட்டுத் தெருவுக்கு வந்த பூஜ்யம்

வலம்புரித்துறையின் பூஜ்யம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் இடத்தை விட்டு எழுந்து மேற்குப் பக்கமாக நகரத் தொடங்கியது.

அதுவரை அது பழைய படகுத்துறையின் ஓரத்தில், கடல்மட்டம் அளக்கும் கிணற்றுக்குள் இருந்தது. ஆள் இறங்க முடியாத ஒடுக்கமான சிமெண்ட் கிணறு. உள்ளே ஒரு சென்சார் தொங்கும். பூஜ்யத்துக்கு மேலே கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்த சென்சார் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்த மற்ற அளவுகளும் அங்கிருந்துதான் தொடங்கின. மீன் ஏலக்கூடத்துத் தராசு, ஆஸ்பத்திரி வெப்பமானி, குடிதண்ணீர்த் தொட்டியின் மட்டம், லாரி எடைமேடை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பூஜ்யம்தான். சின்ன ஊர், ஒன்று போதும் என்று ஆரம்பத்தில் நினைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் அளவுக்கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் ஜெர்லின் மச்சாது. அன்று காலை அவள் திரையைப் பார்த்தபோது கடல் இருக்கவேண்டிய மட்டத்துக்கு வெகு கீழே கிடப்பதாக எண்கள் சொல்லின. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கடல் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஸ்பேனரையும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் படகுத்துறைக்குப் போனாள். சென்சாரை வெளியே இழுத்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சென்சாரில் குறையில்லை. கம்பியிலும் இல்லை. கிணற்றுக்குள் டார்ச் அடித்தாள். சுவரில், பூஜ்யம் இருந்த இடத்தில் மட்டும் பாசி பிடிக்காமல் வட்டமாக வெளுத்திருந்தது.

பூஜ்யம் நகரும் என்பது அவளுக்குத் தெரியும். படிக்கிற காலத்திலேயே அதற்குத் தனிப் பாடம் உண்டு. சூடு பட்டால் நகரும். ஒரே பாரத்தை வெகுகாலம் சுமந்தால் நகரும். வயதானாலும் நகரும். நகர்ந்துவிட்டதே என்று புலம்பிப் பயனில்லை. எங்கே போயிருக்கிறது என்று பார்த்து, எதற்காகப் போனது என்று தெரிந்துகொண்டு, கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. வேலையில் ஜெர்லினுக்குச் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை.

துறைமுக அதிகாரி கேப்டன் மன்சூரிடம் போய்ச் சொன்னாள். அவர் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கேட்டார். மேற்கே, கொஞ்சம் மேடாக என்றாள் ஜெர்லின். கேப்டன் தலையாட்டினார். முந்திரிக்கொட்டை ஏற்றிய கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நிற்பதை நினைவூட்டினார். கடல்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே என்று திரை சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவரால் எந்தக் கப்பலையும் உள்ளே விட முடியாது. அதைவிட முக்கியமான விஷயம், வெள்ளிக்கிழமை நில அளவைக்காரர்கள் வருகிறார்கள். பூஜ்யம் எங்கே இருக்கிறதோ அங்கே பித்தளை ஆணி அடித்துவிட்டுப் போவார்கள். ஆணி அடித்தபின் பூஜ்யத்தை யாராலும் அசைக்க முடியாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கிணத்துல இருக்கும் சார்," என்றாள் ஜெர்லின்.

கேப்டன் அடுத்த டீக்குச் சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமைக்குள் பூஜ்யம் நன்றாக மேலே ஏறிவிட்டது. துறைமுக விதிப்படி பூஜ்யத்துக்கு மேலே இருப்பது நிலம், கீழே இருப்பது கடல். ஆகவே மதியத்துக்குள் பஜார் முழுவதும் கடலாகிவிட்டது. எப்போதும்போல வெயிலும் புழுதியுமாகத்தான் இருந்தது, ஆனாலும் கடல். டிராபிக் போலீஸ்காரர் தன் இடத்தைக் கடலோரக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஸ்கூட்டர்களில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் கட்டச் சொன்னார்கள். ஜவுளிக்கடை முனையில் வலை போட்டவர்களுக்கு நல்ல சீலா மீன் கிடைத்தது. நீச்சல் தெரியாத டெய்லர் ஒருவர் மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரியில் அன்று பிறந்த குழந்தையின் எடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. குழந்தை மேலே போய்விடாமலிருக்க நர்ஸ் தொட்டிலில் ஒரு பை கல்லுப்பைச் சேர்த்து வைத்தார். ஜெர்லின் குடியிருந்த வாடகை வீடு ஆழ்கடலில் வந்தது. வீட்டுக்காரம்மா கேட்டில் ஒரு வள்ளத்தைக் கட்டிவிட்டு, வரும்போது துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிடும்படி சொன்னார்.

ஜெர்லின் ஒரு கைத்தராசையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு பூஜ்யத்தைத் தேடிப் புறப்பட்டாள். வழி சுலபம். வெறும் தராசின் முள் எந்தப் பக்கம் போனால் பூஜ்யத்தை நெருங்குகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். தெருவில் கேட்டாலும் சொன்னார்கள். பூஜ்யத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே தவிர, அது இருக்கும் இடத்தில் மற்றதெல்லாம் இல்லாமல் போவதைப் பார்க்கலாம். ஒரு மணைப்பலகை அளவு இடம். அங்கே சூடு இல்லை, கனம் இல்லை, சத்தம்கூட இல்லை. பஜாரில் டீக்கடை வைத்திருந்த இசக்கிமுத்து, முந்தைய நாள் சாயங்காலம் அது தன் கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்ததாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் டீ ஆறிப்போனது உண்மைதான், மற்றபடி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. பிறகு தானாகவே எழுந்து மேட்டுத் தெருப் பக்கம் போனதாம்.

மேட்டுத் தெரு என்றதும் ஜெர்லினுக்கு வீடு புரிந்துவிட்டது. பூஜ்யம் சூட்டுக்கு நகரும். ஊரிலேயே விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை அடுப்பு எரிகிற வீடு ஒன்றுதான். மேட்டுத் தெருவில் மாதா கோயிலுக்குப் பின்புறம், அவளுடைய அக்கா ஸ்டெல்லாவின் வீடு.

ஸ்டெல்லா மக்ரூன் போடுகிறவள். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனி சேர்த்து நுரைக்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் சின்னச் சின்னதாகப் பிழிந்து, விறகடுப்பின் தணிந்த சூட்டில் வெகுநேரம் வைத்து எடுப்பாள். கல்யாணம், திருநாள் எல்லாவற்றுக்கும் அவள் வீட்டு மக்ரூன்தான் போகும். அக்காவும் தங்கையும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. ஜெர்லினுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, அவன் வீட்டாரை ஸ்டெல்லா விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெர்லின் எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போனார்கள். இனி என் வாசலை மிதிக்காதே என்று ஸ்டெல்லா சொன்னாள். ஜெர்லின் எதையும் சொன்னபடி செய்கிறவள். அன்றிலிருந்து மிதிக்கவில்லை.

இப்போதும் அவள் அந்த வாசல் முன்னால் வந்து ஸ்கூட்டரை நிறுத்தி, கொஞ்சம் யோசித்தாள். பிறகு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறத்துக் கதவைத் தட்டினாள். கொல்லையைப் பற்றி அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டெல்லாவின் புருஷன் ரொசாரியோ கதவைத் திறந்தார். கையெல்லாம் முந்திரிப் பொடி. "வாம்மா," என்று சொல்லி வழிவிட்டார். அடுக்களையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதற்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். ஜெர்லின் கைத்தராசைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டூலுக்குக் கீழேதான் பூஜ்யம்.

ஸ்டெல்லா நிமிரவில்லை. கூம்பைப் பிழிந்தபடியே புருஷனிடம் சொன்னாள்.

"என்னத்துக்கு வந்திருக்கான்னு கேளுங்க."

ரொசாரியோ திரும்பி, கையெட்டும் தூரத்தில் நின்ற ஜெர்லினைப் பார்த்தார். "என்னத்துக்கு வந்தேன்னு அக்கா கேக்குறா."

"பூஜ்யத்தைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னு சொல்லுங்க அத்தான்."

"அது எங்கயும் வராதுன்னு சொல்லுங்க."

ரொசாரியோ இரண்டையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னார். பிறகு தன் பங்குக்கும் விளக்கினார். அது நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வந்ததாம். வந்ததிலிருந்து அந்த இடத்தில் முந்திரியை நிறுக்க முடியவில்லை, கைக்கணக்குத்தான். ஆனால் ஸ்டெல்லாவுக்கு நாள்பட்ட முட்டிவலி. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி, படியேறினால் உயிர் போகும். பூஜ்யத்தின்மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து முட்டியில் ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை ஆணி அடிக்கப்போகிறார்கள் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். தாராளமாக வந்து அடிக்கட்டும், ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுக்கிறேன் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள்.

பஜார் கடலாகிவிட்டதை ஜெர்லின் சொன்னாள். கடல் பக்கத்தில் வந்தது நல்லதுதானே, மீன் வாங்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை என்று பதில் வந்தது. முந்திரிக் கப்பல் வெளியே நிற்பதைச் சொன்னாள். திருநாள் முடிகிற வரைக்கும் வீட்டில் முந்திரி இருக்கிறது என்று பதில் வந்தது. எல்லாம் ரொசாரியோ வழியாகத்தான்.

தட்டை அடுப்புக்குள் தள்ள ஸ்டெல்லா எழுந்தபோது ஜெர்லின் சுறுசுறுப்பாக வேலையில் இறங்கினாள். இடம் மாறிய பூஜ்யத்தைச் சரிசெய்ய அமுக்கிப் பார்க்கலாம், உயர்த்திப் பார்க்கலாம். முதலில் அமுக்கிப் பார்த்தாள். கொல்லையிலிருந்த ஆட்டுக்கல்லை ரொசாரியோவும் அவளும் உருட்டிக்கொண்டு வந்து பூஜ்யத்தின்மேல் வைத்தார்கள். வைத்த மாத்திரத்தில் ஆட்டுக்கல்லுக்குக் கனம் இல்லாமல் போயிற்று. கனமில்லாத கல் எதை அமுக்கும்? விரலால் தள்ளியதும் சுவரோரம் போய் நின்றது.

பிறகு உயர்த்திப் பார்த்தாள். பூஜ்யத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகித் தூக்கியதும் அது லேசாக எழுந்து வந்தது. ஆனால் இடுப்புயரம் வந்தபோது ஜன்னலோரம் நின்ற ரொசாரியோ, மாதா கோயில் காம்பவுண்டு கடலுக்குள் போய்விட்டது, பங்குச்சாமியார் வேட்டியை மடித்துக் கட்டுகிறார் என்று சொன்னார். ஜெர்லின் பலகையைத் தாழ்த்திவிட்டாள். தாழ்வாகப் பிடித்தபடியே கொல்லைக் கதவுவரை கொண்டுபோனாள். சூடு குறைந்த இடத்துக்கு வந்ததும் பூஜ்யம் பலகையிலிருந்து நழுவி, தரையோடு தரையாகப் போய் அடுப்புக்கு முன்னால் பழைய இடத்தில் அமர்ந்துகொண்டது.

ஆக, ஒரே வழி அடுப்பை அணைப்பது. அடுப்பு ஸ்டெல்லாவுடையது.

ஜெர்லினுக்குக் கை வலித்தது. யோசிக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கைவலி இல்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றிய அவசரம் இல்லை. கப்பலைப் பற்றி நினைத்துப் பார்த்தாள், அது யாருடைய கப்பலோ. அடுப்புக்கு முன்னால் ஒரு பொம்பளை குனிந்து தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நரைத்த கொண்டை, முழங்கையில் பழைய தீத்தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஜெர்லினுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள்மேல் சரியவிருந்த எண்ணெய்ச் சட்டியை ஸ்டெல்லா கையால் தடுத்தது அது. நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடு வேறெதுவும் சேர்ந்து வரவில்லை.

அவள் சட்டென்று எழுந்துகொண்டாள். எழுந்ததும் கைவலி வந்தது, கப்பல் வந்தது, மற்றதும் வந்தது. ஸ்டெல்லா திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஜெர்லின் இந்தமுறை அத்தானைப் பார்க்கவில்லை.

"அக்கா. இங்க உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

ஸ்டெல்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நேராகப் பதில் சொல்வதில் அந்த இடத்தில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. "ஒண்ணும் தோணல."

"கோவம்?"

"இல்ல."

"வேற எதாவது?"

ஸ்டெல்லா கூம்பைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தாள். "வேறயும் இல்ல."

ஜெர்லின் முட்டை அட்டைகளை ஒதுக்கிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தன் வேலையைப் பற்றி அக்காவிடம் அவள் இதுவரை பேசியதில்லை. இப்போது சொன்னாள். கிணற்றுக்குள் இருக்கும் சென்சார் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பித்தான் பேசும். கடல் ஏற ஏற அதிகமாக அனுப்பும், இறங்க இறங்கக் குறைவாக அனுப்பும். சொல்ல ஒன்றுமே இல்லாதபோது ஒன்றுமே அனுப்பாமல் இருந்துவிடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பி அறுந்துபோனாலும் ஒன்றும் வராது. அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தில் வைப்பதில்லை, நாலு மில்லிஆம்பியர் மின்சாரத்தில் வைப்பார்கள். நாலு வந்தால், சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அதற்கு உயிருள்ள பூஜ்யம் என்று பெயர். நாலும் வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது என்று ஆளைக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

ஸ்டெல்லா கவனமாகக் கேட்டாள்.

"நமக்கு இப்ப எது? ஒண்ணுமில்லயா, அறுந்து போச்சா?"

"அங்க உக்காந்தா தெரியாது அக்கா. நாலு தள்ளி வந்து பாக்கணும்."

"நாலுன்னா?"

"நாலு சாண்."

ஸ்டெல்லா தரையைக் கையால் அளந்தாள். ஸ்டூலை நாலு சாண் தள்ளிப் போட்டு, அதில் மெதுவாக உட்கார்ந்தாள். முதலில் முட்டி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைத் தடவினாள். பிறகு அவள் முகத்தில் வேறொன்று வந்தது. தங்கையை அப்போதுதான் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். இளைத்துப் போயிருக்கிறாய் என்றாள். சாப்பிடுகிறாயா இல்லையா என்றாள். அதற்கு ஜெர்லின் பதில் சொல்வதற்குள், அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை உன்னால் பொறுக்க முடியவில்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தி, திருப்தியில்லாதவளாகத் தலையை ஆட்டினாள்.

"சரியா வரல. எனக்கு இத்தனை வருஷக் கோவம் இருக்கு. நாலு சாணுக்கு இவ்வளவுதான் வருது."

"இன்னும் தள்ளி உக்காரு."

"அடுக்களை இம்புட்டுத்தான். இதுக்குமேல தள்ளினா சுவரு." ஸ்டெல்லா அடுப்பைப் பார்த்தாள். "இதை அணைச்சா அது போயிருமா?"

"போயிரும்."

"முட்டி?"

"வலிக்கும் அக்கா."

ஸ்டெல்லா வெகுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே தட்டுகளில் மக்ரூன்கள் பாதி வெந்திருந்தன. பிறகு அவள் சேலையை உதறி எழுந்தாள்.

"உன்னைத் திட்டணும்னா முழுசாத்தான் திட்டுவேன். அரைகுறையாத் திட்ட எனக்குத் தெரியாது. என்னங்க, விறகை இழுத்துப் போடுங்க."

ரொசாரியோ திருநாள் ஆர்டர்களை நினைவூட்டினார். மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவர் கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொல்லையில் போட்டு மணல் அள்ளிப் போட்டார். அடுப்பு தணியத் தணிய, பாதி வெந்த மக்ரூன்களெல்லாம் தட்டிலேயே அமுங்கிப்போயின. மூன்று பேரும் காத்திருந்தார்கள். சுவர் ஆறி, கை வைக்கிற அளவுக்கு வந்தபோது முட்டை அட்டைகளுக்குக் கனம் திரும்பியது. பூஜ்யம் எழுந்துவிட்டது. கூடத்தைக் கடந்து, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கியது.

ஜெர்லின் கொல்லை வழியாக ஓடிச் சுற்றி வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். அதற்குள் ஸ்டெல்லா முன்வாசலில் இறங்கி நொண்டிக்கொண்டே வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அக்கா வருவாள் என்று ஜெர்லின் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் ஸ்டெல்லா திட்டிக்கொண்டே வந்தாள். பூஜ்யம் முன்னால் போகப்போக அவளுக்குக் கோபம் நன்றாக வந்தது. அந்த மாப்பிள்ளைக்கு என்ன குறை என்றாள். அவர்களுக்காகப் பொரித்த நெய்மீனைச் சொன்னாள். கை கழுவிவிட்டுப் போனவர்கள் கோயில் முற்றத்தில் வைத்து என்னென்ன பேசினார்கள் என்று சொன்னாள். ஜெர்லின் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள், சொல்லிக்கொண்டும் வந்தாள். அவன் பேசிய பேச்சு அப்படி என்றாள். நான் உன்னிடம் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லவில்லையா என்றாள். ஸ்கூட்டர் இறக்கத்தில் வேகமாக இறங்கியது. அவர்கள் போகப்போக, இருபுறமும் கடைகள் கடலிலிருந்து நிலத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஜவுளிக்கடை முனையில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

பஜாரைத் தாண்டும்போது ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது.

"கர்ப்பப்பையை எடுத்தாங்களே, அப்ப ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். நீ வரல."

"நீதானே அக்கா வாசலை மிதிக்காதேன்னு சொன்ன."

"ஆஸ்பத்திரி வாசலையா சொன்னேன்?"

ஜெர்லின் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். முன்னால் பூஜ்யம் படகுத்துறைப் பக்கம் திரும்பிவிட்டது, இனி அதற்கு வழி தெரியும். அவள் இறங்கி, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் முன்னால் நின்றாள். ஸ்டெல்லா கையை நீட்டி, முந்திரிப் பொடி ஒட்டிய விரல்களால் தங்கையின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வண்டியை எடு. முட்டி வலிக்குது," என்றாள்.

கிணற்றடியில் கேப்டன் மன்சூர் குடையோடு நின்றிருந்தார். பூஜ்யம் உள்ளே இறங்கிவிட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ஜெர்லின் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாள். போய்விட்டு வருகிற பூஜ்யம் எதுவும் சரியாகப் பழைய இடத்துக்கு வந்து உட்காருவதில்லை. இதுவும் வெளுத்த வட்டத்துக்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தது. அவள் சென்சாரின் மூடியைத் திறந்து, ஸ்க்ரூவை ஒரு பொட்டு இடதுபக்கம் திருப்பி, அந்த ஒரு விரற்கடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறையில் எண் சரியாக வந்தது. ஸ்டெல்லா கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, இவ்வளவு இருட்டில் எப்படித்தான் இருக்கிறதோ என்றாள்.

வெள்ளிக்கிழமை நில அளவைக்காரர்கள் வந்து அங்கேயே ஆணி அடித்துவிட்டு, மக்ரூன் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரித் தொட்டிலிலிருந்து உப்புப் பையை எடுத்துவிட்டார்கள். டெய்லர் மாமியார் ஊரிலிருந்து திரும்பி வந்தார். முந்திரிக் கப்பல் அன்று மதியம் உள்ளே வந்தது. காத்திருந்த நாட்களில் கொட்டைகள் முளைத்து, மேல்தளத்தை உடைத்துக்கொண்டு கிளைவிட்டிருந்தன. கிரேன்காரர்கள் ஏணி வைத்து ஏறிப் பழம் பறித்தார்கள். ஸ்டெல்லா நேரில் வந்து, நிழல் அதிகமாக விழாத கிளைகளாகப் பார்த்து இரண்டு கூடை முந்திரிக்கொட்டை நிரப்பிக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறைக்கு மாடிப்படி ஏறி வந்து, முட்டியைத் திட்டிக்கொண்டே ஜெர்லினுக்குச் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் கொண்டுவந்தாள். பேச விசேஷமாக ஒன்றும் இல்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, சரி வாறேன் என்பாள். ஜெர்லின், சரி அக்கா என்பாள்.

அந்தச் சனிக்கிழமை வெளியே இன்னொரு கப்பல் வந்து நின்றது. அது இன்னும் கட்டப்படவில்லை. உள்ளே வர அனுமதி கேட்டு அதன் கேப்டன் ரேடியோவில் கூப்பிட்டார். கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று மன்சூர் கேட்டார். அடிக்கட்டை போட இன்னும் நாளாகும், மரமா இரும்பா என்று முதலாளிகள் முடிவு செய்யவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. குரல் இளமையாக இருந்தது. மன்சூர் ஜெர்லினைத் திரும்பிப் பார்த்தார். அவள் டப்பாவை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் கடல்மட்டத்தைப் பார்த்தாள். மதிய ஏற்றத்தில் தாராளமாக வரலாம் என்றாள். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் படகு புறப்பட்டது. கயிறு பிடிக்கிற ஆட்கள் எட்டாம் கப்பல்தளத்துக்கு நடந்தார்கள்.